பட்டனை அழுத்திய பிறகு சற்றுப் பொறுத்து வேலை நடக்க: ஜாவாஸ்கிரிப்டில் தாமதம் வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பட்டனை அழுத்தியதும் வேலை உடனே நடக்கக் கூடாது, இரண்டு நொடி கழித்துத்தான் நடக்க வேண்டும். கேட்டால் ஒரு வரி வேலை போலத் தோன்றும். ஒரே வரியில் எழுதியும் விடலாம். ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் பயனர் பட்டனை மறுபடி அழுத்தலாம், மனம் மாறி வேண்டாம் என்று நினைக்கலாம், வேறு பக்கத்துக்குப் போய்விடலாம், டேபை மாற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம். தாமதத்தை வைப்பது எளிது. அந்த இடைவெளியில் நடப்பதற்கெல்லாம் பதில் வைத்திருப்பதுதான் உண்மையான வேலை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

உங்களுக்கு எச்டிஎம்எல் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, அதற்கு ஈவென்ட் லிஸ்னர் எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கோட் எப்படி அமைய வேண்டும் என்பதை வரிவரியாகத் தமிழிலேயே சொல்கிறேன். அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டாக எழுதிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: இந்தத் தாமதம் எதற்கு?

எடிட்டரைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். "சேமிக்கப்பட்டது" என்ற செய்தியைக் காட்டிச் சில நொடிகளில் மறைக்கவா? அழித்ததைத் திரும்பப் பெற அவகாசம் கொடுக்கவா? அனிமேஷன் முடியும்வரை பொறுக்கவா? சர்வரிலிருந்து பதில் வரும்வரை பொறுக்கவா?

முதல் இரண்டுக்கும் கடிகாரம் தேவை. கடைசி இரண்டுக்கும் கடிகாரம் தேவையே இல்லை. சர்வர் பதில் வழக்கமாக ஒரு நொடியில் வருகிறது, அதனால் இரண்டு நொடி டைமர் போதும் என்று எழுதப்பட்ட கோட் நிறையப் பார்த்திருக்கிறேன். நெட்வொர்க் மந்தமான நாளில் பதில் ஐந்து நொடி கழித்து வரும். பக்கம் அதற்குள் வெற்றுத் தகவலைக் காட்டிவிட்டிருக்கும். நெட்வொர்க் வேகமாக இருக்கும் நாளில் பயனர் காரணமே இல்லாமல் காத்திருப்பார். சர்வரிடம் கேட்கும் ஃபெட்ச் (fetch) திருப்பித் தரும் பிராமிஸ் (Promise, பின்னால் வரப்போகும் பதிலுக்கான பொருள்) பதில் வந்ததும் தானே சொல்லும். சிஎஸ்எஸ் டிரான்சிஷன் முடிந்தால் 'டிரான்சிஷன்எண்ட்' (transitionend) என்ற ஈவென்ட் வரும். வேலை முடிந்ததை நமக்குச் சொல்ல யாராவது இருந்தால் அவர் சொல்லும்வரை காத்திருப்பதே சரி. சொல்ல ஆளில்லாதபோது மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் என்பதற்கு, பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய மூன்று எல்லைகள் இன்றும் உதவுகின்றன. 0.1 நொடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். நீங்கள் வைக்கும் தாமதம் 1 நொடிக்கு மேல் என்றால், ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று திரையில் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

படி 1: செட்டைம்அவுட்

தாமதம் வைக்கப் பிரவுசர் தரும் ஃபங்ஷன் செட்டைம்அவுட் (setTimeout). இதற்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: செய்ய வேண்டிய ஃபங்ஷன், காத்திருக்க வேண்டிய மில்லிசெகண்ட்.

    பட்டனில் கிளிக் நடந்தால்:
        செய்தியைக் காட்டு
        செட்டைம்அவுட்( செய்தியை_மறை, 2000 )

'செய்தியை_மறை' என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். அடைப்புக்குறி போட்டால் "இப்போதே செய்" என்று பொருள். ஃபங்ஷன் அந்த இடத்திலேயே ஓடி முடிந்து, அது திருப்பித் தரும் மதிப்புதான் டைமருக்குப் போகும். இரண்டு நொடி கழித்து நடக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. "தாமதமே ஆகவில்லை, உடனே நடந்துவிடுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

ஃபங்ஷனுக்கு ஏதாவது மதிப்பு அனுப்ப வேண்டுமா? வேலையை ஒரு ஆரோ ஃபங்ஷனுக்குள் எழுதி அந்த ஆரோ ஃபங்ஷனைக் கொடுங்கள். நேரத்துக்கு அடுத்து மூன்றாவதாக மதிப்பைக் கொடுத்தாலும் அது உள்ளே போய்ச் சேரும். மேற்கோள் குறிக்குள் கோடை எழுதிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சரத்தை அப்படியே கோடாக மாற்றி ஓட்டுகிறது, பாதுகாப்புக் கொள்கை இறுக்கமாக உள்ள தளங்களில் பிரவுசர் அதைத் தடுத்தும் விடும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். 2 என்று எழுதினால் இரண்டு மில்லிசெகண்ட். மேல் எல்லையும் உண்டு: 2147483647 மில்லிசெகண்ட், ஏறத்தாழ 24.8 நாள். அதைத் தாண்டி 30 நாள் என்று கொடுத்தால் எண் கொள்ளாமல் வழிந்து, வேலை உடனே நடந்துவிடும்.

படி 2: அடுத்த வரி காத்திருக்காது

செட்டைம்அவுட் எதையும் நிறுத்திவைப்பதில்லை. "இவ்வளவு நேரம் கழித்து இதைச் செய்" என்று பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட் உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். டைமருக்குக் கீழே 'முடிந்தது' என்று காட்டும் வரி இருந்தால், டைமருக்குள் இருக்கும் வேலைக்கு முன்பே அது ஓடிவிடும்.

வேறு மொழிகளிலிருந்து வருபவர்கள் இங்கே, கோடை அப்படியே நிறுத்திவைக்கும் 'ஸ்லீப்' (sleep) தேடுவார்கள். பிரவுசரின் முதன்மைத் த்ரெட்டில் (thread, வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடம்) அப்படி ஒன்று கிடையாது. கிடைக்காததால் சிலர் இப்போதைய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு நொடி ஆகும்வரை வைல் (while) லூப்பைச் சுற்றவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டும் திரையை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே த்ரெட்டில்தான் நடக்கின்றன. லூப் சுற்றும் நேரமெல்லாம் பக்கம் உறைந்துவிடும். அதைவிடக் கெட்டது, பயனர் பொறுமையிழந்து அழுத்தும் கிளிக்குகள் வரிசையில் சேர்ந்து, லூப் முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

சர்வர் பக்கம் பிஎச்பியின் ஸ்லீப்பைப் போடுவதும் தீர்வல்ல. அது பதில் வருவதைத்தான் தாமதப்படுத்தும். பக்கம் வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டிய தாமதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 500 மில்லிசெகண்ட் என்றால் "சரியாக 500" என்று பொருளல்ல, "குறைந்தது 500". நேரம் முடிந்ததும் உங்கள் ஃபங்ஷன் வரிசையில் போய் நிற்கும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடிந்த பிறகுதான் அதற்கு முறை வரும். முன்னால் மூன்று நொடிக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் 500-ம் மூன்று நொடி ஆகிவிடும்.

இதோடு ஒட்டிய ஒரு சிக்கல்: பட்டனை அழுத்தியதும் "காத்திருக்கவும்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கனமான கணக்கைத் தொடங்கினால் அந்த எழுத்து திரையில் வரவே வராது. கையில் இருக்கும் வேலை முடிந்த பிறகுதான் பிரவுசர் வரையும். அதற்குள் கணக்கும் முடிந்து எழுத்தும் மாறியிருக்கும். எழுத்தை மாற்றிய பிறகு, அடுத்த முறை வரைவதற்குச் சற்று முன் ஓடும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமைக் (requestAnimationFrame) கூப்பிட்டு, அதற்குள் 0 மில்லிசெகண்ட் செட்டைம்அவுட் வைத்துக் கணக்கைத் தொடங்குங்கள். நடுவில் பிரவுசருக்கு வரைய ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும்.

படி 3: வரிசையாகப் பல வேலை என்றால் அவெய்ட்

ஒரு நொடி பொறுத்து இது, இன்னும் ஒரு நொடி பொறுத்து அது என்று போனால் டைமருக்குள் டைமர் என்று கோட் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். இதற்குச் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்ளலாம். அசிங்க் (async) என்று குறித்த ஃபங்ஷனுக்குள் அவெய்ட் (await) போட்டால், பிராமிஸ் நிறைவேறும்வரை அந்த ஃபங்ஷன் மட்டும் காத்திருக்கும். நிறைவேறியது என்று சொல்வது ரிசால்வ் (resolve).

    தாமதி( நேரம் ):
        புதிய பிராமிஸ் ஒன்றைத் திருப்பித் தா;
        அதன் ரிசால்வை நேரம் கழித்துக் கூப்பிட செட்டைம்அவுட் வை

    பட்டனில் கிளிக் நடந்தால் (அசிங்க் ஃபங்ஷன்):
        முதல் செய்தியைக் காட்டு
        அவெய்ட் தாமதி( 1000 )
        இரண்டாம் செய்தியைக் காட்டு

பிராமிஸ் 2015-லும் அசிங்க் அவெய்ட் 2017-லும் மொழிக்குள் வந்துவிட்டன, தயங்காமல் பயன்படுத்தலாம். படிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் ஒரு எச்சரிக்கை. அவெய்ட் வரியைத் தாண்டும்போது பக்கம் பழைய நிலையில் இருக்கும் என்று நம்பக் கூடாது. நீங்கள் மாற்றப்போகும் பெட்டியை இதற்குள் யாரோ மூடியிருக்கலாம். தாண்டியதும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். இந்த எளிய வடிவத்தை நடுவில் ரத்து செய்யவும் முடியாது. ரத்து வேண்டிய இடத்தில் நேரடி டைமரே நல்லது.

படி 4: இரண்டாவது கிளிக்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பட்டியலிலிருந்து ஒன்றை அழிக்கும் பட்டன். அழுத்தினால் ஒன்றரை நொடி கழித்து அழியும். அதற்குள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினால் நின்றுவிடும். செட்டைம்அவுட் திருப்பித் தரும் டைமர் எண்ணை ஒரு வேரியபிளில் வைத்து, 'வேண்டாம்' பட்டனில் அந்த டைமரை நிறுத்தும் கிளியர்டைம்அவுட் (clearTimeout) எழுதியிருந்தேன். நான் சோதித்தபோதெல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் 'வேண்டாம்' அழுத்தியும் அழிந்துவிட்டது என்று புகார் வந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

நடந்தது இதுதான். 0-ஆவது மில்லிசெகண்டில் முதல் கிளிக். டைமர் எண் 41 வேரியபிளில் உட்கார்ந்தது. புகார் சொன்னவர் பழக்கத்தில் இரட்டைக் கிளிக் செய்பவர். 180-இல் இரண்டாவது கிளிக். டைமர் எண் 42 அதே வேரியபிளில் வந்து 41-ஐ அழித்தது. எண்தான் அழிந்தது, 41-ஆவது டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1000-இல் அவர் 'வேண்டாம்' அழுத்தினார், 42 நின்றது. 1500-இல் யாருடைய பிடியிலும் இல்லாத 41 வந்து வேலையைச் செய்துவிட்டுப் போனது. நான் ஒருமுறைதான் கிளிக் செய்து சோதித்தேன், அதனால் எனக்கு ஒருபோதும் இது தெரியவில்லை.

அன்றிலிருந்து, புதிய டைமர் வைக்கும் வரிக்கு மேலேயே பழையதை நிறுத்தும் வரியை எழுதாமல் நான் நகர்வதில்லை.

    பட்டனில் கிளிக் நடந்தால்:
        கிளியர்டைம்அவுட்( டைமர் )
        டைமர் = செட்டைம்அவுட்( வேலையைச்_செய், 1500 )

முடிந்துபோன டைமரையோ இல்லாத எண்ணையோ நிறுத்தச் சொன்னால் பிழை எதுவும் வராது, அதனால் சோதித்துப் பார்க்காமலே கூப்பிடலாம்.

மேலே உள்ள வடிவத்தில் ஒவ்வொரு கிளிக்கும் காத்திருப்பைப் புதிதாகத் தொடங்குகிறது. இதற்கு டீபௌன்ஸ் என்று பெயர். தேடல் பெட்டிக்கு இது மிகப் பொருத்தம்: தட்டச்சு நின்ற பிறகே தேடினால் போதும். பணம் செலுத்தும் பட்டனுக்கோ விண்ணப்பம் அனுப்பும் பட்டனுக்கோ இது சரிவராது. அங்கே முதல் கிளிக்கை ஏற்று, வேலை முடியும்வரை மற்றதைப் புறக்கணிக்க வேண்டும். த்ராட்டில் என்பது வேறு: குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஓட விடாது. ஸ்க்ரோலுக்கு நல்லது, பட்டனுக்கு அரிதாகவே வேண்டும்.

புறக்கணிக்க எளிய வழி பட்டனை டிஸேபிள் செய்வது. மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நடுவில் பிழை வந்தாலும் பட்டன் மீண்டும் இயங்க வேண்டும், ஆகவே திறக்கும் வரியை ஃபைனலி பகுதியில் (finally, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் பகுதி) வையுங்கள். சப்மிட் பட்டனை அதன் கிளிக்கிலேயே டிஸேபிள் செய்தால் ஃபார்ம் போகாமலே இருந்துவிடலாம். ஃபார்மின் சப்மிட் ஈவென்டில் செய்யுங்கள். மூன்றாவது, கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர் நின்றிருந்த இடம் பட்டன் டிஸேபிள் ஆனதும் பறிபோகலாம். அதற்கு, பட்டனை முடக்காமல் 'இப்போது இயங்காது' என்று மட்டும் சொல்லும் ஏரியா-டிஸேபிள்ட் (aria-disabled) என்ற குறிப்பைப் போட்டுவிட்டு, கிளிக்கின் முதல் வரியில் "ஏற்கனவே ஓடுகிறதா" என்று பார்த்துத் திரும்புவது மேல்.

படி 5: திரும்பப் பெறும் வாய்ப்பு

அழித்த பிறகு 'திரும்பப் பெறு' என்று சில நொடி காட்டுவது, தாமதத்துக்கு இருக்கும் பயன்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஜிமெயில் 'அனுப்பியதை ரத்து செய்' வசதியில் 5, 10, 20, 30 நொடி என்று பயனரையே தேர்ந்தெடுக்க விடுகிறது. போன மெயிலை அது இழுத்துக்கொண்டு வருவதில்லை. அவ்வளவு நேரம் அனுப்பாமல் பொறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்தில் செய்வதானால்: வரிசையைத் திரையிலிருந்து மறையுங்கள், டைமர் வையுங்கள், 'திரும்பப் பெறு' அழுத்தினால் டைமரை நிறுத்தி வரிசையை மீண்டும் காட்டுங்கள். சரி, அந்த ஐந்து நொடிக்குள் பயனர் டேபை மூடிவிட்டால்? டைமர் பக்கத்தோடு போய்விடும். பயனர் அழிந்தது என்று நினைத்தது அழியாமலே இருக்கும். அதனால் முக்கியமான தகவல் என்றால் காத்திருப்பை பிரவுசரில் வைக்காதீர்கள். கிளிக் ஆனதும் சர்வரில் 'அழிக்கக் காத்திருப்பது' என்று குறித்துவிடுங்கள். திரும்பப் பெற்றால் குறியை நீக்குங்கள். உண்மையான அழிப்பைச் சர்வர் தன் நேரத்தில் செய்துகொள்ளும்.

ஸ்கிரீன் ரீடர் வழியாகப் பக்கத்தைக் கேட்பவருக்கு ஐந்து நொடி போதாது. செய்தி காதில் விழுவதற்கே சில நொடி ஆகும். செய்திப் பெட்டிக்கு, புதிய செய்தியை வாசிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் (aria-live) கொடுங்கள். சுட்டியோ ஃபோகஸோ பெட்டியின்மேல் இருக்கும்வரை டைமரை நிறுத்திவையுங்கள்.

ரியாக்ட், வியூ போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் எழுதுபவர்கள் டைமர் எண்ணை ரெஃப் (ref, திரை மறுபடி வரையப்பட்டாலும் மதிப்பைக் காத்து வைக்கும் இடம்) ஒன்றில் வைத்து, காம்போனென்ட் நீங்கும்போது நிறுத்த வேண்டும். ரியாக்டில் யூஸ்எஃபெக்டுக்குள் (useEffect) நீங்கள் எழுதும் ஃபங்ஷன் திருப்பித் தரும் கிளீன்அப் ஃபங்ஷன் அதற்கான இடம். மறந்தால், பயனர் வேறு திரைக்குப் போன பிறகும் பழைய திரையின் டைமர் எழுந்து வந்து எதையாவது மாற்றும்.

படி 6: ஃபார்ம், லிங்க், புதிய விண்டோ

ஃபார்ம் அனுப்புவதைத் தாமதிக்க, முதலில் பிரவுசர் தானாக அனுப்புவதைத் தடுக்க வேண்டும். அதைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் (preventDefault) வரி எந்த அவெய்டுக்கும் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஃபார்ம் அதற்குள் போயிருக்கும். பிறகு டைமருக்குள் ஃபார்மின் சப்மிட்டைக் கூப்பிட்டால் அது சரிபார்ப்பு எதையும் செய்யாமல், சப்மிட் ஈவென்டையும் எழுப்பாமல் நேராக அனுப்பிவிடும். ரிக்வெஸ்ட்சப்மிட் (requestSubmit) இரண்டையும் செய்யும். ஆனால் அது உங்கள் லிஸ்னரையே மறுபடி கூப்பிட்டு மறுபடி தாமதம் தொடங்கும், முடிவே இருக்காது. 'தாமதம் முடிந்தது' என்று ஒரு குறி வைத்து, இருந்தால் தடுக்காமல் விடுங்கள்.

எந்தப் பட்டனின் லிஸ்னர் ஓடுகிறது என்று சொல்லும் ஈவென்டின் கரன்ட்டார்கெட் (currentTarget) டைமருக்குள் வெறுமையாகிவிடும். ஈவென்ட் நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதற்கு மதிப்பு உண்டு. எந்தப் பட்டன் என்பது பின்னால் தேவை என்றால், லிஸ்னரின் முதல் வரியிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டைமருக்குள் புதிய விண்டோ திறப்பதும் சிக்கல்தான். பயனர் கிளிக் செய்ததால் கிடைத்த அனுமதி சில நொடிகளே நீடிக்கும். பிறகு திறந்தால் பிரவுசர் அதைப் பாப்அப் என்று தடுத்துவிடும். லிங்கை அழுத்தியதைக் கணக்கில் ஏற்றுவதற்காக மட்டும் பயனரைத் தாமதிக்கவே வேண்டாம். பிரவுசரின் செண்ட்பீக்கன் (sendBeacon) அந்தத் தகவலைப் பக்கம் மாறினாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

படி 7: டேப் மறைந்திருக்கும்போது

பின்னணியில் இருக்கும் டேபில் பிரவுசர்கள் டைமர்களை மெதுவாக்குகின்றன, வழக்கமாக நொடிக்கு ஒருமுறை என்ற அளவில். 2021-இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் தொடர்ச்சியாக ஒன்றையொன்று எழுப்பும் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழும். கணினி உறங்கினால் எதுவும் ஓடாது.

ஆகவே "மீண்டும் அனுப்ப இன்னும் 30 நொடி" என்று பட்டனில் எண் குறைத்துக் காட்டும்போது, ஒவ்வொரு நொடியும் ஒன்றைக் கழிக்காதீர்கள். தொடங்கும்போதே முடியும் நேரத்தைக் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். டைமர் எழும்போதெல்லாம் அந்த நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். டைமர் எத்தனை முறை தாமதமாக வந்தாலும் எண் சரியாக இருக்கும்.

நீங்கள் வைக்காமலே தாமதம் இருப்பதாக மொபைலில் தோன்றினால், அது பழைய 300 மில்லிசெகண்டாக இருக்கலாம். இருமுறை தட்டிப் பெரிதாக்குகிறாரா என்று பார்க்க பிரவுசர்கள் அவ்வளவு நேரம் பொறுத்திருந்தன. வியூபோர்ட் (viewport, பக்கம் தெரியும் பரப்பு) அகலத்தைச் சாதனத்தின் அகலமாகக் கொடுத்தால் இன்றைய பிரவுசர்களில் அது போய்விடும்.

படி 8: சோதித்துப் பார்ப்பது

தானியங்கிச் சோதனையில் உண்மையாகவே இரண்டு நொடி காத்திருக்க வேண்டாம். ஜெஸ்ட் போன்ற கருவிகளில் போலி டைமர்கள் உண்டு. 1999 மில்லிசெகண்ட் நகர்த்தி வேலை நடக்கவில்லை என்று பாருங்கள், இன்னும் 1 நகர்த்தி நடந்தது என்று பாருங்கள்.

கையால் சோதிக்கும்போது, வேகமாக இருமுறை அழுத்துங்கள். காத்திருக்கும்போதே வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்புங்கள். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க்கை மந்தமாக்கி ஒருமுறை, கீபோர்டால் மட்டும் ஒருமுறை. பிறகு இருமுறை அழுத்திவிட்டு 'வேண்டாம்' அழுத்தி, தாமதத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பாருங்கள். எதுவும் அசையக் கூடாது.